ஒரு சுத்து

படலின் கயிற்றைக் கழற்றியதும் சண்டை வந்தது.
படியூர் தாண்டும்வரை ஒன்றுமில்லை.
"சோத்தாங்கைப் பக்கமாப் போலாம், நெழல் இருக்குது"
என்றார் மயில்சாமி.
எனக்கு எதையும் வலமாகச் சுற்றித்தான் பழக்கம்,
கோயிலோ கொறங்காடோ.
(வலம் வர இடக்கைப் பக்கம் கிளம்ப வேண்டும்.
அதைச் சொல்லப்போய்த்தான் முற்றியது.)
"நடுவுல சாமியா இருக்குது?"
"எருமை இருந்தாலும் வலந்தான்."

பிரிந்தோம்,
யாருடையதோ பன்னிரண்டு ஏக்கராவை
இரண்டு பேர் பாகம் பிரிப்பதுபோல.
தண்ணி பாட்டில் அவரோடு போனது.
வண்டிச் சாவி என்னோடு.

ஐப்பசி மழை விட்டு மூன்று நாள்.
கிளுவை வேலியை ஒட்டி ஒற்றைத் தடம்,
மேடில்லை, பள்ளமில்லை,
என் சர்க்கரைக்கு டாக்டர் சொன்ன நாற்பது நிமிடத்துக்கு
அளவெடுத்துத் தைத்த மாதிரி.
கொழுக்கட்டைப்புல் கதிர்கள்
சேலைக் கரையை நனைத்துக்கொண்டே வந்தன.
நெருஞ்சி ஒன்றுவிடாமல் கிழக்கே பார்த்திருந்தது.
தூரத்துக் காற்றாலை மட்டும்
எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றது.
குட்டையருகே ஒருதரம் வழுக்கி, சமாளித்து,
யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பினேன்.
யாரும் பார்க்கவில்லைதான்.
அதுவும் ஒரு மாதிரி இருந்தது.

வெள்வேல மரங்கள் நெருங்கும் இடத்தில்
புல் நின்றுபோகிறது.
குளிர்ச்சி. ஆட்டுப்புழுக்கை வாசம்.
எங்கோ கௌதாரி.
ஊஞ்சமரத்தைத் தாண்டி ஓர் ஆள் வந்தான்,
அகலத் தோள், காதோரம் நரை,
பரவாயில்லையே யாரிது என்று
ஒரு நொடி நினைத்தேன்.
பாட்டிலை நீட்டினார். குடித்தேன்.
"அக்கட்டால ஒரு மயிலை கன்னோட நிக்குது, ஒதுங்கிப் போ."
"குட்டைகிட்ட வழுக்குதுங்க."
அவ்வளவுதான்.
ஒருத்தர் திரும்பியிருக்கலாம்.
திரும்பினவர் தோற்றவர் ஆகிவிடுவார்.

அதன்பிறகு எனக்கு வாய்த்தது
அவர் நடந்து முடித்த தடம்.
எங்கள் பக்கம் வழிக்கும் தடம் என்றுதான் பேர்,
கால் பதிந்ததற்கும் அதே பேர்.
ரப்பர் செருப்பின் கட்டங்கள்
எதிர்த்து வந்துகொண்டே இருந்தன.
இங்கே நின்று வேலங்குச்சி ஒடித்திருக்கிறார்.
இங்கே மயிலையைப் பார்த்து
இரண்டடி பின்வாங்கியிருக்கிறார்,
என்னிடம் சொல்லாததை மண் சொன்னது.
ஒரு சிவப்புப் பட்டுப்பூச்சிக்காக
தடம் ஒருமுறை வளைந்திருந்தது.

நிழல்?
ஒரு பொட்டுக்கூட இல்லை.
ஊதியூர் மலைவரைக்கும் வெயில்.
வேலி முடிந்து இடுப்பளவுக் கல்கட்டு மட்டும்
நெடுக வந்தது.
அதன்மேல் பனி துடைத்த இடங்கள்,
கையகலம் கையகலமாக,
மூன்றடிக்கு ஒன்று.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.
வலது கால் அச்சாக விழுந்திருந்தது.
இடது கால்
ஒவ்வொரு தரமும் ஒரு சின்னக் கோடு கிழித்துவிட்டு
விழுந்திருந்தது.
சேறு இழுத்ததென்று நினைத்தேன்.
காய்ந்த மண்ணிலும் கோடு.
இருபத்தாறு வருஷமாய்ப் பக்கத்தில் நடக்கிறேன்.
பக்கத்திலிருந்து தெரியவில்லை.
எப்போதிருந்து?
அந்தப் பக்கம் கல்கட்டு இல்லை.
குட்டை இருக்கிறது.

படலுக்கு நான்தான் முதலில் வந்தேன்,
கடைசிக் கொஞ்ச தூரம் ஓடி.
புல்லுக்கு மேலே அவர் தலை தெரிந்தது,
மெதுவாக.
என்னைக் கண்டதும் நிமிர்ந்து
கைவீசி நடக்கத் தொடங்கினார்.
நான் ஊதியூர் மலையைப் பார்த்தேன்.
வந்து சேரும்வரை
மலையைத்தான் பார்த்தேன்.

"அடுத்த வாரம் உங்க பக்கமே போலாமுங்க."
"ஏன், சாமி கோவிச்சுக்காதா?"
"நெழல் நல்லா இருக்குது" என்றேன்.

அவர் பதில் பேசாமல்
படல் கயிற்றைச் சுற்றினார்.
ஒரு சுத்துப் போதும்.
மூன்று சுற்றினார்.